பாதி முதுகு

நாய்க்கு முடி வெட்டுகிறேன் என்று சொன்னால் ஜனங்களுக்கு ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினாறு வருடமாக இதுதான் தொழில். வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறை. முன்னறையில் மேசை, தொட்டி, முடி உலர்த்தும் இயந்திரம். பின்னறையில் துண்டுகளும் தராசும். பின்கதவைத் திறந்தால் நாலடி அகலத்துக்கு ஒரு முற்றம், அதன் முடிவில் ஆளுயரக் கருங்கல் சுவர். எங்கள் தெரு சரிவில் இருக்கிறது. மேல்தெருவின் மண் எங்கள் தலையில் வந்து விழாமல் அந்தச் சுவர்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. சாந்து கிடையாது, வெறும் கல்லை அடுக்கியது. அதைப் பற்றிப் பிறகு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் துரையைப் பற்றி.

துரை என் கணவருடைய அக்காவின் நாய். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். இருபத்தெட்டு வருடம் டிக்கெட் இல்லாதவர்களையே பார்த்துப் பார்த்து, டிக்கெட் வைத்திருப்பவர்களையும் அதே பார்வைதான் பார்ப்பார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். ஆறாவது மாடியில் தனி வீடு. யாரிடமும் குழைய மாட்டார், யாரும் தன்னிடம் குழைவதும் பிடிக்காது. என் கணவர்கூட அக்கா வருகிறார் என்றால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் துரையிடம் பேசும்போது மட்டும் குரல் வேறாக இருக்கும். அடுத்த அறையிலிருந்து கேட்டால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவோம்.

துரை கெய்ர்ன் டெரியர் ஜாதி. தரையிலிருந்து தோள்வரை அளந்தால் ஒரு அடிகூட வராது. குத்திட்டு நிற்கும் இரண்டு காது, கோதுமையும் சாம்பலும் கலந்த நிறத்தில் பரட்டை முடி, கேரட்டைத் தலைகீழாக நட்டது போல அடி பருத்து நுனி கூரான குட்டை வால். பார்த்தால் பொம்மை. ஆனால் தன்னைவிட நாலு மடங்கு பெரிய நாய் எதிரே வந்தால் அதுதான் ஒதுங்கிப் போக வேண்டும் என்பது துரையின் கட்சி. கூப்பிட்டால் வர மாட்டார். வரலாமா என்று யோசிப்பார். அதனால்தான் அந்தப் பெயர். "துரை எழுந்தாச்சா, துரை சாப்பிட்டாரா" என்று குடும்பமே கேலியாக மரியாதை கொடுத்து, கடைசியில் அது நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அண்ணி மட்டும்தான் அவன் இவன் என்பார். அந்த உரிமை அவருக்கு உண்டு.

இந்த ஜாதியின் சூட்சுமம் முழுவதும் முடியில் இருக்கிறது. இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு போல மெத்தென்ற முடி. வெளியே துணி தோய்க்கிற பிரஷ் மாதிரி விறைத்த முடி. மண்ணோ தண்ணீரோ அதில் ஒட்டாது, ஒரு உதறு உதறினால் போய்விடும். அதனால் அடிக்கடி குளிப்பாட்டக் கூடாது, வாரத்துக்கு இரண்டு தரம் சீவினால் போதும். ஆனால் அந்த வெளிமுடி முற்றிச் செத்த பிறகும் தானாக உதிராமல் அப்படியே நிற்கும். அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாலைந்து முடியைப் பிடித்து, வளரும் திசையிலேயே வெடுக்கென்று இழுக்க வேண்டும். செத்த முடி என்பதால் நாய்க்கு வலிக்காது. துரை கொட்டாவிகூட விடுவார். வலி எல்லாம் பிடுங்குகிற கைக்குத்தான். முழு உடம்புக்கும் மூன்று மணி நேரம் ஆகும். முடி வெட்டும் இயந்திரம் போட்டால் இருபது நிமிடம்.

போடக் கூடாது. இயந்திரம் வேரை விட்டுவிட்டு மேலாக வெட்டும். செத்த முடியின் அடி தோலிலேயே அடைத்துக்கொண்டு நிற்க, விறைத்த முடிக்கு வழியில்லாமல் பஞ்சு முடி மட்டும் புசுபுசுவென்று கிளம்பும். நிறமும் வெளுத்துவிடும். மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு ஸ்வெட்டர் மாட்டி அனுப்பியது போல ஆகிவிடும் நாய். எங்கள் தொழிலில் இது தெரியாதவர் கிடையாது. எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அன்றைக்கு மணிக்கட்டு காலையிலிருந்தே விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. துரைக்குத் தலை முடித்தேன், கழுத்து முடித்தேன், தோள் முடித்தேன். விலா எலும்பு வரைக்கும் வந்தபோது விரல் மடங்கவில்லை. அண்ணியிடமிருந்து போன். "ஆறு மணிக்கு எனக்கு வண்டி. அரை மணியில வந்துடறேன், ரெடியா?" ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். இயந்திரத்தை எடுத்தேன். விலாவிலிருந்து வால் வரைக்கும் சர்ரென்று ஓட்டி, இரண்டு பாதியும் சேருகிற இடத்தைக் கத்தரியால் நிரவி, கண்ணுக்குத் தெரியாமல் பண்ணினேன். அதில் நான் கெட்டிக்காரி.

அண்ணி வந்து துரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அழகா இருக்கான். ரொம்பப் பொறுமையா பண்ணியிருக்கே" என்றார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்குவது குதிரைக் கொம்பு. அதை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

ஆறு வாரம் கழித்து, நல்ல மழைக்காலத்தில், நகம் வெட்டுவதற்காகத் துரையை மறுபடி அழைத்து வந்தார் அண்ணி. தராசில் நிறுத்தினேன். ஏழு கிலோ நானூறு. கொஞ்சம் சதை போட்டிருந்தார். அண்ணி அவர் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"பின்பக்கம் வெளுத்த மாதிரி இல்ல?"

"வெயில் அண்ணி" என்றேன்.

வெளியே மூன்று நாளாக அடை மழை. அண்ணி என்னை ஒரு விநாடி பார்த்தார், அந்தப் பார்வைதான். நகம் வெட்டி முடித்து, காதைத் துடைத்து, துரையைக் கீழே இறக்கிவிட்டேன். அழுக்குத் தண்ணீரைக் கொட்டப் பின்கதவைத் திறந்தேன். எத்தனை நாயைப் பார்த்தவள், டெரியரை இறக்கிவிட்டுக் கதவைத் திறக்கக் கூடாது என்று எத்தனை பேருக்குச் சொன்னவள். புத்தி எங்கேயோ இருந்தது.

முற்றத்தில் ஒரு கொழுத்த எலி சுவரோரமாக ஓடியது. என் காலுக்கு நடுவில் ஏதோ உரசிக்கொண்டு போனது தெரிந்தது. நான் குனிவதற்குள் எலி சுவரின் அடிக்கல் சந்தில் நுழைந்தது. பின்னாலேயே துரையும் நுழைந்தார். அந்தச் சந்து என் சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்லை. வால் ஒரு தடவை ஆடியது, அப்புறம் வாலும் இல்லை.

உள்ளே குரைப்புச் சத்தம் கேட்டது. துரையின் குரைப்பு எனக்குத் தெரியும். அழைப்பு மணிக்கு ஒன்று, எதிர் வீட்டுப் பூனைக்கு ஒன்று. இது அதுவெல்லாம் இல்லை. தாளம் தப்பாமல், கனமாக, கல்லுக்குள்ளிருந்து வந்தது. கால் மணி நேரம் குரைத்தார். பிறகு நின்றது. எலி தப்பித்ததோ செத்ததோ தெரியாது. "வாடா, போதும் வா" என்று அண்ணி கூப்பிட்டார். வழக்கம்போல யோசிக்கிறார் என்று நினைத்தோம். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யோசிக்கவில்லை, மாட்டிக்கொண்டார்.

மண்டியிட்டுத் தோள்வரை கையை விட்டேன். ஈரமண், கல், வெறுமை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றரைக் கை தூரத்தில் இரண்டு பெரிய கல்லுக்கு நடுவில் மண் அப்பிய ஏதோ ஒன்று தெரிந்தது. துரையின் பின்பக்கம். முன்பாதி அந்த இடுக்கைத் தாண்டிப் போய்விட்டது. பின்பாதி தாண்டவும் இல்லை, திரும்பவும் இல்லை.

என் கணவர் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். அவர் சுவரைத் தட்டினார், மேலே ஏறி மேல்தெருவைப் பார்த்தார், இறங்கி வந்து கையை உதறினார்.

"அம்மா, இதுல ஒரு கல்ல உருவினாலும் மேல இருக்கிறது அப்படியே உட்காரும். மழை வேற. மண்ணு ஊறிக் கிடக்கு. நாய் உள்ளயே நசுங்கிடும். நான் கை வைக்க மாட்டேன், நீங்களும் யாரையும் வைக்க விடாதீங்க."

"அப்போ என்ன பண்றது?" என்று அண்ணி கேட்டார்.

துரைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டருக்குப் போன் போட்டேன். ஒலிபெருக்கியில் வைத்தேன், எல்லோரும் கேட்கட்டும் என்று.

"எத்தனை கிலோ?" என்றார் டாக்டர்.

"ஏழு நானூறு. காலையிலதான் நிறுத்தேன்."

"கேளுங்கம்மா. இந்த ஜாதி கல்லுக்குள்ள மாட்டிக்கிறது புதுசு இல்ல. கல் குவியலுக்குள்ள பூந்து வேட்டையாடத்தான் இதையே உண்டாக்கினாங்க. தோண்ட முடியலேன்னா ஒரே வழிதான். காத்திருக்கிறது. பட்டினி கிடந்தா உடம்பு இளைக்கும். இளைச்சா, எந்த வழியா போனானோ அதே வழியா பின்னால வருவான். மூணு நாள் ஆகலாம், நாலு நாள் ஆகலாம். தண்ணி மட்டும் எப்படியாவது போகணும். சாப்பாடு ஒரு வாய்கூடக் கூடாது."

"வரலேன்னா?" என்றார் அண்ணி.

"வரலேன்னா நான் உங்ககிட்ட ஏதாவது பொய் சொல்லணும். இப்ப வேணாம்."

என் கடையில் மருந்து தெளிக்கிற பம்பின் மெல்லிய குழாய் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு விறைத்த கம்பியைக் கட்டி, கல்லின் மேல்சந்து வழியாகக் கொத்தனார் மெதுவாக உள்ளே தள்ளினார். துரையின் முதுகுக்கு மேலாகப் போய், தலைக்குப் பக்கத்தில் எங்கோ நின்றது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் காதை வைத்தோம். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு கேட்டது. சளக், சளக் என்று நாக்கு கல்லை நக்கும் சத்தம். அண்ணி சுவரிலிருந்து காதை எடுக்கவே இல்லை. அவர் கன்னத்தில் பாசி ஒட்டியிருந்தது, துடைக்கவும் இல்லை.

அவர் வேலைக்கு விடுப்புச் சொன்னார். இருபத்தெட்டு வருடத்தில் காய்ச்சலுக்குக்கூடச் சொல்லாதவர். என் பின்னறையில் துண்டுகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டார். பகலெல்லாம் முற்றத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், குடை பிடித்துக்கொண்டு.

இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் சந்தின் வாயில் ஒரு கைப்பிடி மண் கிடந்தது. புது மண், ஈரமாக. முந்தின நாள் அது அங்கே இல்லை. எனக்குச் சட்டென்று புரியவில்லை. மறுபடி பார்க்க வந்த கொத்தனார்தான் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்துச் சொன்னார்.

"உள்ள வேலை நடக்குது."

காதை வைத்தேன். பறண்டும் சத்தம். முன்னங்காலால் வயிற்றுக்கு அடியிலிருந்து மண்ணைப் பறித்துப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார் துரை. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம் தோண்டினார். நிறுத்தினார். முக்கால் மணி ஓய்வு. தண்ணீர் நக்கும் சத்தம். மறுபடி தோண்டல். இருபது நிமிடம். பிறகு ஓய்வு. ஒரு ஊளை கிடையாது, ஒரு முனகல் கிடையாது. நாங்கள் வெளியே தலைகால் தெரியாமல் அலைந்துகொண்டிருந்தோம், அவர் உள்ளே நேரம் பிரித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நாய் பிறந்தது ஒரு குளியலறையில். வளர்ந்தது ஆறாவது மாடியில், கம்பளத்தின் மேல். லிப்டில் இறங்கி, தார்ச்சாலையில் நடந்து, லிப்டில் ஏறுகிறவர். வாழ்நாளில் ஒரு பொந்தைப் பார்த்ததில்லை. இருட்டில் மாட்டிக்கொண்டால் பதறக் கூடாது, மூச்சை வீணாக்கக் கூடாது, மண்ணை முன்னால் தள்ளக் கூடாது, பின்னால் தள்ள வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது? நான் பதினாறு வருடமாக இந்த ஜாதியின் முடியைப் பிடுங்குகிறேன். முடிக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மண் கூடுதலாக வந்தது. ஆனால் பின்பாதி அசையவில்லை. டார்ச் அடித்து அடித்துப் பார்த்தேன். அந்த முதுகில் மண் உருண்டை உருண்டையாக இறுகிப்போயிருந்தது, எலுமிச்சம்பழம் அளவுக்கு. ஒவ்வொரு உருண்டையும் கல்லில் இடித்துக்கொண்டு நின்றது. விறைத்த முடியாக இருந்தால் மண் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். பஞ்சு முடி ஈரமண்ணைக் குடித்துக் கல்லாக்கி வைத்திருந்தது. எலி இழுத்தது பாதி, என் இயந்திரம் இறுக்கியது பாதி. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அன்று சாயந்திரம் நான் முன்னறையிலிருந்து வந்தபோது அண்ணி மண்டியிட்டிருந்தார். தண்ணீர்க் குழாயை வெளியே இழுத்து அதன் நுனியில் வேகவைத்த கோழித் துண்டை நூலால் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, வேணாம்."

"ஒரே ஒரு துண்டு. மூணு நாளா ஒண்ணுமே இல்லாம தோண்டறான். அவனுக்கு ஆறு வயசு. செத்துடுவான்."

"சாப்பிட்டாத்தான் செத்துடுவார். இளைக்கணும். இளைச்சாத்தான் வர முடியும்."

"உனக்கென்ன தெரியும் அவனைப் பத்தி? காலையில ஆறு மணிக்கு நான் கண் முழிச்சா, முதல்ல தெரியறது அவன் மூஞ்சி. அதுக்கப்புறம் நான் பார்க்கிற மூஞ்சி எல்லாம் என்னைப் பார்த்துப் பயப்படற மூஞ்சி. புரியுதா உனக்கு?"

நான் அந்தத் துண்டை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர் கையிலிருந்து. நூல் அறுந்து விரலைக் கிழித்தது. அண்ணி அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் குழாயை மறுபடி உள்ளே தள்ளினேன். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. துரை வரட்டும், வந்ததும் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். வராவிட்டால் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் சந்தின் வாயில் இருந்த மண்ணில் சிவப்பு கலந்திருந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். நக்கும் சத்தம் குறைந்திருந்தது. பத்து மணிக்கு மேல் தோண்டும் சத்தமும் இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. என் கணவர் அக்காவின் பக்கத்தில் போய் நின்றார். சின்ன வயதிலிருந்து அவரால் முடிந்தது அதுதான்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு உள்ளே ஏதோ சரிந்தது. கல் இல்லை, மண். சரசரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு தும்மல். நான் விழுந்தடித்துக்கொண்டு படுத்து, கன்னம் கல்லில் தேய, தோள் வலிக்க வலிக்கக் கையை விட்டேன். விரல்நுனியில் ஏதோ பட்டது. கூரான நுனி.

வால்.

இந்தத் தொழிலில் நாயின் வாலைப் பிடித்து இழுப்பது பாவம். யாராவது இழுத்தால் நானே கடையை விட்டுத் துரத்துவேன். ஆனால் இந்த ஜாதிக்கு மட்டும் வாலின் அடி அவ்வளவு பருமனாக, அவ்வளவு கெட்டியாக இருப்பது சும்மா இல்லை. கல்லுக்குள் போனவர்களை அதைப் பிடித்துத்தான் வெளியே எடுப்பார்களாம். படித்தபோது சிரித்திருக்கிறேன். அடியைப் பிடிக்க வேண்டும், நுனியைப் பிடித்தால் போச்சு. இன்னும் நாலு விரற்கடை வேண்டும். மூச்சை முழுவதும் வெளியே விட்டு, நெஞ்சைச் சுருக்கி, தோளை இன்னும் உள்ளே திணித்தேன்.

"துரை, நான்தான்" என்றேன்.

என் விரலுக்குள் அந்த வால் ஆடியது. நாலு நாள் இருட்டு, பட்டினி, நகமெல்லாம் போயிருக்கும். அதில் அந்த வால் இரண்டு தரம் ஆடியது. நான் படுத்தபடியே அழுதுவிட்டேன். இவர் உடம்பில் பாதியைக் கெடுத்தவள் நான், என் குரலைக் கேட்டு வாலை ஆட்டுகிறார்.

அடியைச் சேர்த்துப் பிடித்தேன். நான் இழுத்தேன் என்று சொல்லக் கூடாது. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அவர் பின்னங்காலை ஊன்றித் தானே தள்ளினார். ஒரு அங்குலம். ஓய்வு. ஒரு அங்குலம். ஓய்வு. எனக்குக் கை மரத்துப்போயிற்று. மணிக்கட்டு பிய்ந்து வருவது போல வலித்தது. விட்டுவிடு என்று ஒரு தடவை தோன்றியது, அந்த மணிக்கட்டின் பேச்சைக் கேட்டுத்தான் இவ்வளவும் என்று ஞாபகம் வந்தது. விடவில்லை. மண் உருண்டை ஒவ்வொன்றாகக் கல்லில் இடித்து உடைந்தது. திடீரென்று இறுக்கம் போய், என் மடியில் ஈரமாக, லேசாக ஒரு மூட்டை வந்து விழுந்தது.

அண்ணி மண்ணிலேயே உட்கார்ந்து கையை நீட்டினார். துரை எழுந்து நின்றார். முன்னங்கால் நகங்கள் சதைவரை தேய்ந்து ரத்தம் கசிந்தது. கண்ணில் மண். தள்ளாடிக்கொண்டே இரண்டடி நடந்தார். அண்ணியிடம் போகவில்லை. திரும்பி, அந்தச் சந்தின் வாயில் மூக்கை வைத்து, உள்ளே பார்த்து ஒரு உறுமல் உறுமினார். முடிக்காமல் விட்ட வேலையை ஞாபகப்படுத்துவது போல. அதன்பிறகுதான் வந்து அண்ணியின் மடியில் ஏறினார்.

அண்ணி சிரித்தார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்காத சிரிப்பு. "இவனை என்ன செய்யறது?" என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

உள்ளே கொண்டுவந்து தராசில் வைத்தேன். ஆறு கிலோ இருநூறு. டாக்டர் வழியில் வந்துகொண்டிருந்தார். அதற்குள் மண்ணைத் துடைக்கலாம் என்று மேசையில் நிறுத்தினேன். அண்ணி ஒரு துண்டை எடுத்து முகத்திலிருந்து ஆரம்பித்தார். தலை, கழுத்து, தோள். ஒவ்வொரு துடைப்புக்கும் மண் பொடியாகக் கொட்டியது. உள்ளே முடி காய்ந்தே இருந்தது. நாலு நாள் ஈரத்தில் கிடந்த நாயின் தோல் தோள் பக்கத்தில் துளியும் நனையவில்லை. விலாவில் வந்து துண்டு நின்றது. அதற்குப் பின்னால் எல்லாம் ஈரக் களிமண், இறுகிய கட்டி, சிவந்த தோல். இரண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் நான் கத்தரியால் நிரவிய அதே இடம்.

அண்ணி துண்டைக் கீழே வைத்தார். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மெஷின் போட்டேன் அண்ணி" என்றேன். "கை வலிச்சது. முன்பாதி கையால பண்ணினேன், பின்பாதி மெஷின். நீங்க நல்லாயிருக்குன்னு சொன்னீங்க, நான் வாயை மூடிக்கிட்டேன். வெயில்னு சொன்னதும் பொய். அந்த முடிதான் மண்ணைப் பிடிச்சுக்கிச்சு. அதனாலதான் மாட்டினார்."

என் கணவர் வாசல்பக்கம் நகர்ந்தார். துரை அண்ணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேசையில் படுத்துக்கொண்டார்.

"மழையில வெயில்னு சொன்னப்பவே தெரியும், ஏதோ இருக்குன்னு" என்றார் அண்ணி. "டிக்கெட் இல்லாதவங்க எல்லாரும் என் மூஞ்சியைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்துத்தான் பேசுவாங்க. நீ அன்னிக்கு ஜன்னலைப் பார்த்தே."

"ஆமா."

"இன்னிக்குப் பார்க்கல." துண்டை மறுபடி எடுத்தார். "சரியா வளர எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வருஷம் ஆகும். கொஞ்சம் கொஞ்சமா, வாரா வாரம் கையால எடுத்துக்கிட்டே இருந்தா. முழுசா பழையபடி வரும்னு சத்தியம் பண்ண முடியாது."

"பண்ணாதே" என்றார். டாக்டர் வந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து, கால் ஆறியதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி துரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசையில் நிறுத்தினார். முடி வழுக்காமல் இருக்க நான் விரலில் சுண்ணப்பொடி தடவிக்கொண்டு ஆரம்பித்தேன். வெளுத்த பின்முதுகில், நாலைந்து முடியாக, வளரும் திசையில். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு தெறிக்க ஆரம்பித்தது. நிறுத்தவில்லை. அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார், பொடி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எப்படிப் பிடிக்கணும், காட்டு" என்றார். "அந்தப் பக்கம் நீ பண்ணு. இந்தப் பக்கம் நான்."

காட்டினேன். முதலில் தப்பும் தவறுமாகப் பிடுங்கினார், துரை ஒரு தடவை திரும்பி முறைத்தார். பிறகு கை படிந்துவிட்டது. மேசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் அவர். அன்றிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். போன மாதம் வால் அடியில் முதல் விறைத்த முடி தென்பட்டது. ஒற்றை முடி. அண்ணிதான் முதலில் பார்த்தார். என் விரலைப் பிடித்து அதன் மேல் கொண்டுபோய் வைத்தார்.

துரை எங்கள் இருவரையும் பொருட்படுத்துவதில்லை. மேசையில் நிற்கும் மூன்று மணி நேரமும் அவர் காது இரண்டும் பின்கதவுப் பக்கம்தான். அந்தச் சந்தைக் கொத்தனார் துரை வெளியே வந்த அன்றைக்கே சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார். துரைக்கு அது தெரியும், போய் முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார். இருந்தாலும் வால் விறைத்தபடி, உடம்பு லேசாக நடுங்க, கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.